சிக்னலில் நடுங்கிய காரும் ஒன்பதாம் வகுப்பு அதிர்வெண்ணும்

பொன்னேரியிலிருந்து ஆரணிக்கு நாங்கள் நான்கு ஆசிரியர்கள் என் பழைய காரில்தான் வருகிறோம். தச்சூர் கூட்டுச்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் சில நிமிடம் நிற்க நேரும். ஜூலை மாதத்தில் ஒரு நாள் அங்கே நின்றபோது வண்டி நடுங்கத் தொடங்கியது. ஸ்டியரிங் கையில் தடதடத்தது. கண்ணாடியில் பின்னால் நின்ற லாரி இரண்டாகத் தெரிந்தது. கிளம்பி வேகம் எடுத்ததும் நடுக்கம் அடங்கிவிட்டது. "சார், வண்டிக்குக் குளிர் காய்ச்சலா?" என்றார் பின்சீட்டிலிருந்த தமிழாசிரியை.

அன்று மாலையே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எஞ்சின் மவுண்ட் போயிடுச்சு சார்" என்றார்கள். மாற்றச் சொன்னேன். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. மறுநாள் காலை அதே கூட்டுச்சாலை, அதே நடுக்கம்.

அதற்குள் நான் ஒரு தவறு செய்திருந்தேன். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடம். அதிர்வெண்ணை விளக்க என் காரையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, "ரப்பர் கெட்டுப்போனதால் எஞ்சின் அதிர்வு வண்டிக்குள் வருகிறது" என்று கரும்பலகையில் படமும் போட்டுவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், மவுண்ட் போனா ஒரே சீரா அதிரும். உங்க வண்டி விட்டு விட்டுக் குலுங்குது. மிஸ்ஸிங் சார் அது."

சொன்னவன் வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிசயம் என்று வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் நான் குறித்து வைத்திருந்த மாணவன். அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. வராத நாள்களில் மாமாவின் மெக்கானிக் ஷெட்டில் இருப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருந்த என் வண்டியைத் தாண்டி நடக்கும்போது அவன் காதில் விழுந்ததை, தினமும் அதற்குள் உட்கார்ந்திருந்த நான் கேட்கவில்லை.

அவன் சொன்னதை அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஒருமுறை வெடிக்க, கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். என் வண்டியில் நான்கு சிலிண்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் நொடிக்கு 13.3 சுற்று, வெடிப்பு 26.7. எஞ்சின் வண்டியை ஆட்டும் முக்கிய அதிர்வெண் ஏறக்குறைய 27 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் வண்டியானால் இதே சுழற்சியில் 20 ஹெர்ட்ஸ்தான். 1983இல் வந்த மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டி. நல்ல நிலையில் இருந்தாலும் நின்றிருக்கும்போது அதில் ஒரு மெல்லிய உதறல் இருக்கும். அது நோயன்று, பிறவிக்குணம்.

ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் என்ன ஆகும்? இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு வெற்றிடம் விழும். 13.3ஐ இரண்டால் வகுத்தால் 6.7 ஹெர்ட்ஸ். நான்கு பேர் சேர்ந்து உலக்கை போடும்போது ஒருவர் மட்டும் தவறவிட்டால் வரும் இடறல் போன்றது இது. கைக்கும் இருக்கைக்கும் இது தனியாகத் தெரியும். பையன் "விட்டு விட்டு" என்றது இதைத்தான்.

புதிய மவுண்ட் ஏன் உதவவில்லை என்பதும் இங்கே விளங்கியது. மவுண்ட் என்பது எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர்த் தாங்கி. ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. பொதுவாக அது 6 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படி அமைப்பார்கள். வெளியிலிருந்து ஆட்டும் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். 27 ஹெர்ட்ஸை அது நன்றாக விழுங்கிவிடும். 6.7 ஹெர்ட்ஸ் அதன் இயல்பு அதிர்வெண்ணுக்கே அருகில் வருவதால் குறைப்பதற்குப் பதில் கூட்டியும் கொடுக்கும். இதுதான் ஒத்ததிர்வு. பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் எஞ்சினை அணைக்கும்போது, ஓசை அடங்கும் கடைசி நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்குமே, அதுவும் இதே காரணம்தான். சுழற்சி குறைந்துகொண்டே வரும் வழியில் அந்த இயல்பு அதிர்வெண்ணைக் கடந்துதான் நிற்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் இதை உடம்பால் அறிந்தவர்கள்.

மறுநாள் மாலை வண்டியை அந்த ஷெட்டுக்கே ஓட்டிப்போனேன். பையனின் மாமா செய்த சோதனை, நாம் ஆய்வகத்தில் சொல்லித்தரும் முறைக்குக் கொஞ்சமும் குறைந்ததன்று. என் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில். எஞ்சினை நிறுத்தி, முதல் காயிலின் இணைப்பைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். நடுக்கம் இன்னும் மோசமானது. அப்படியானால் முதல் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. கழற்றுவதற்கு முன்பே அது செத்திருந்தது.

கோளாறு காயிலிலா, பிளக்கிலா, இன்ஜெக்டரிலா? மூன்றாவது காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாற்றிப் பொருத்தினார், வேறெதையும் தொடவில்லை. இப்போது மூன்றாவது சிலிண்டர் உயிர்பெற்றது, இரண்டாவது செத்தது. கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது. ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்று பி.எட். பயிற்சிக் காலத்திலிருந்து நான் சொல்லிவருவதை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினார். புதுக் காயில் போட்டதும் டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸில் அலையே இல்லை.

ஐட்லிங் நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். திராட்டில் பாடியில் கரி படிந்து காற்று சீராகப் போகாமலிருக்கலாம். சுத்தம் செய்தாலே சரியாகும். இன்டேக் பக்கத்து ரப்பர்க் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம். அப்போது 'உஸ்' என்ற ஓசை கேட்கும். ஏசி போட்டால் மட்டும் நடுங்கினால், கம்ப்ரசரின் பாரத்துக்கு ஏற்ப ஐட்லிங் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். மவுண்டும் உண்மையிலேயே கிழிவதுண்டு. கியர் போடும்போது 'டங்' என்று இடிக்கும். நின்றிருக்கையில் அமைதியாக இருந்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் எஞ்சினைக் குறைசொல்லாதீர்கள், சக்கர பேலன்சிங் பாருங்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினைவேக மாற்றியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலையோடு பார்த்தால் காயில் விலை ஒன்றுமில்லை.

எஞ்சின் அதிர்வை மற்றொரு அதிர்வால் சமன்செய்யலாம் என்று கண்டவர் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் எடையாலேயே சுழற்சியைப் போல் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஓர் அதிர்வு எழும். எதிரெதிர்த் திசையில் இரட்டை வேகத்தில் சுழலும் இரு தண்டுகளை வைத்து அதை அவர் அடக்கினார். 1970களில் அதை மேம்படுத்திப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது மிட்சுபிஷி நிறுவனம். அந்த நிறுவனத்தின் லான்சர் கார் 1998 முதல் நம் திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவானது என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு.

வகுப்பறைக்குக் கார் தேவையில்லை. பழைய பொம்மையிலிருந்து ஒரு சிறு மோட்டாரை எடுத்து, அதன் தண்டில் அழிப்பான் துண்டு ஒன்றை மையம் விலகிக் குத்திவிடுங்கள். கைப்பேசி அதிர்வதும் இப்படித்தான். மோட்டாரை மதிய உணவுத் தட்டின் மேல் ஒட்டி, தட்டை மேசையில் வைத்து ஓட்டினால் காது கூசும். தட்டுக்கடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்தால் ஓசை அமுங்கும், பஞ்சுதான் மவுண்ட். பிறகு ஒரு மின்கலத்தைக் குறைத்து மோட்டாரை மெதுவாக்குங்கள். ஏதோ ஒரு வேகத்தில் தட்டு திடீரென்று துள்ளும். எங்களுக்கு முதல்முறை துள்ளவில்லை. பஞ்சு தடிமனாக இருந்தது. மெல்லியதாக வெட்டி வைத்த பிறகுதான் துள்ளியது. அது ஏன் என்ற கேள்வியிலேயே ஒரு பாடவேளை ஓடிவிட்டது.

இந்தச் செயல்பாட்டை நடத்த அந்தப் பையனைத்தான் முன்னால் அழைத்தேன். பிரமாதமாகச் செய்தான். பிறகு 800ஐ 60ஆல் வகுக்கச் சொன்னேன். சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றான். 13க்குப் பிறகு மீதி 20 வந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. காயிலைக் காதால் கண்டுபிடித்தவனுக்குத் தசமப் புள்ளி வைக்கத் தெரியவில்லை. எந்த வகுப்பில் அவனை விட்டுவிட்டோம் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் அன்று பிற்பகல் வகுப்புக்கு வரவில்லை.

மாமாவிடம் போய்ப் பேசினேன். "பள்ளிக்கூட நேரத்துல இவனை ஷெட்டுல நிறுத்தாதீங்க. அஞ்சு மணிக்கு மேல நின்னு பாக்கட்டும்" என்றேன். "நான் கூப்பிடல சார். அங்க ஒண்ணும் புரியலன்னு இவனாத்தான் வர்றான்" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுகிறேன். வகுத்தலும் தசமமும் எஞ்சின் கணக்கிலேயே நடக்கின்றன: 750 சுற்றுக்கு எத்தனை ஹெர்ட்ஸ், மூன்று சிலிண்டருக்கு எத்தனை, ஒன்று செத்தால் எத்தனை. அவனோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 41 வாங்கினான். வியாழக்கிழமைகளில் மட்டும் இன்னும் சில வாரம் அவன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.