கைடை மூடிவிட்டு ‘தி ரேவன்’ படியுங்கள்

எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ பற்றி நான் எழுதிய விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார் எங்கள் விரிவுரையாளர். இறந்துபோன மனைவிக்காகப் போ பாடிய இரங்கற்பா என்று நான் எழுதவில்லை, அதுதான் குற்றம். கைடில் அப்படித்தான் இருந்தது. அதையே எழுதியவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது.

கவிதை வெளிவந்தது 1845 ஜனவரியில். மனைவி வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரியில். கவிதை அச்சேறியபோது அவர் காசநோயோடு உயிருடன் இருந்தார். பறிகொடுத்தவனின் துக்கம் வேறு, பறிகொடுக்கப் போகிறோம் என்று தெரிந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவனின் பயம் வேறு. இந்தக் கவிதையில் அழுகையைவிடப் பயம் அதிகம் என்று அதனால்தான் எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் படிக்கப் போகிற உங்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் படிக்காதீர்கள், தலை சுற்றும். டிசம்பர் மாதம் காப்பித் தோட்டத்தில் மூடுபனி இறங்கிய பிறகு, வீட்டுக்குள் வாய்விட்டுப் படியுங்கள். மொத்தமே 108 வரி. ஒரே அமர்வில் முடிகிற நீளம்தான் கவிதைக்கு ஏற்றது என்று போவே 1846இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சந்தத்தின் பெயரையெல்லாம் தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நாம் இடறுகிற இடம் ஒன்று உண்டு. அமாவாசைக்குச் சோறு வைத்து, காக்கையை முன்னோராக அழைப்பவர்கள் நாம். கவிதையில் வரும் பறவை, கவிதை சொல்பவன் பறிகொடுத்த காதலி லெனோரின் ஆவி என்று மனம் உடனே முடிவுகட்டிவிடும். கவிதையில் அப்படி இல்லை. நள்ளிரவில் வந்து கிரேக்கத் தெய்வம் பல்லாஸின் சிலைமேல் உட்காரும் அண்டங்காக்கைக்குத் தெரிந்தது ‘இனி ஒருபோதும் இல்லை’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். முன்பு வளர்த்தவனிடம் கற்றிருக்கும் என்று அந்த மனிதனே ஊகிக்கிறான். என்ன கேட்டாலும் அதே பதில்தான் என்று தெரிந்த பிறகும், லெனோரை மறுபடி சேர்வேனா என்று கேட்கிறான். தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் மனித வேட்கை என்று இதைப் போ அதே கட்டுரையில் விளக்குகிறார். கவிதையின் பயங்கரம் முழுவதும் அந்தக் கேள்விகளில் இருக்கிறது. கைடில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கைடுக்கு மாறாக எழுதத் துணிந்தால் 1845, 1847 என்ற இரண்டு ஆண்டுகளையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். திருத்துகிறவர் கடைசிப் பக்கம்வரை வருவார் என்று நம்பாதீர்கள்.