விண்வெளியில் ஒரு பந்து

இரவில் அண்ணாந்து வானை நோக்குவார்க்கு விண்மீன்கள் தோன்றும். அவற்றின் இடைப்பட்ட இடம் வெறும் இருளாகவே காணப்படும். அதனை வெறுவெளி என்று கூறுவாரும் உளர். அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. நுண்ணிய தூசியும் ஆவியும் அங்கே பரவியுள்ளன. நாம் உயிர்க்கும் காற்றோடு ஒப்பிட்டால், இல்லை என்று சொல்லத்தக்க அளவிற்கு அவை மெல்லியவை. அவற்றுள் இன்ன பொருள் உள்ளது என்பதனை அறிவது எங்ஙனம்?

விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தினால், அது வானவில்லைப் போலப் பல நிறங்களாக விரியும். இதனை நிறமாலை என்பர். ஒளி வரும் வழியில் ஓர் ஆவி குறுக்கிடுமாயின், அது தனக்குரிய நிறக்கூறுகளை மட்டும் விழுங்கிவிடும். அவ்விடங்களில் கருங்கோடுகள் விழும். ஒரு பொருளின் கோடுகள் மற்றொன்றிற்கு அமைவதில்லை. விரல்ரேகை கொண்டு ஆளை அறிதல் போல, இக்கோடுகளைக் கொண்டு பொருளை அறியலாம்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், ஹாமில்டன் மலைமேல் லிக் வானாய்வுக்கூடம் உள்ளது. 1919ஆம் ஆண்டில் மேரி லீ ஹீகர் என்னும் மாணவி அங்கே விண்மீன்களின் நிறமாலைப் படங்களை ஆராய்ந்தார். மஞ்சள் நிறப் பகுதியை அடுத்து இரண்டு பட்டைகள் அவர் கண்ணிற்பட்டன. ஏனைய கோடுகளைப் போலக் கூர்மையாக இல்லாமல், அவை மங்கிப் பரந்திருந்தன. தாம் கண்டதை 1922இல் அவர் வெளியிட்டார். ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களின் கோடுகள், அவற்றின் இயக்கத்திற்கேற்ப முன்னும் பின்னும் நகரும். இப்பட்டைகளோ நகரவில்லை. ஆதலின் இவை விண்மீனுக்கு உரியன அல்ல, இடைவெளியிலுள்ள பொருளுக்கே உரியன என்பதை 1930களில் பால் மெரில் என்னும் அறிஞர் தெளிவாக்கினார். இத்தகைய பட்டைகள் பின்னர் ஒவ்வொன்றாகப் பெருகி, இன்று 500க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. ரேகை கிடைத்தது, ஆள் அகப்படவில்லை.

விடையின் ஒரு பகுதி, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கரியணுக்கள் நீண்ட சங்கிலியாகத் தொடர்ந்த மூலக்கூறுகள் 1970களில் விண்வெளியில் காணப்பட்டிருந்தன. அவை முதிர்ந்த விண்மீன்களின் அருகே உருவாகும் முறையை அறிய விரும்பிய ஆங்கில நாட்டு அறிஞர் ஹரால்டு குரோட்டோ, 1985இல் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே ராபர்ட் கர்ல், ரிச்சர்டு சுமாலி என்பாரோடு சேர்ந்து, லேசர் ஒளியால் கரியை ஆவியாக்கி ஆராய்ந்தார். கருவியின் அருகிருந்து பாடுபட்ட மாணவர்களையும் ஈண்டு நினைத்தல் தகும். சங்கிலியை நாடியவர்க்குப் பந்து கிடைத்தது! 60 கரியணுக்கள், 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் அமையக் கூடி, நாம் உதைத்தாடும் காற்பந்தின் வடிவில் நின்றன. இத்தகைய கூடங்களை அமைத்த பக்மின்ஸ்டர் புல்லர் என்னும் கட்டடக் கலைஞரின் பெயரே அம்மூலக்கூறுக்கு இடப்பட்டது. அறிஞர் மூவரும் 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்பந்து விண்வெளியிலும் உண்டோ? உண்டு என்பதை, முதிர்ந்த விண்மீன் ஒன்றைச் சூழ்ந்த ஆவிப்படலத்தில் ஸ்பிட்சர் விண் தொலைநோக்கி 2010இல் காட்டியது. ஆயினும் அந்தப் பழைய பட்டைகளுக்கும் இதற்கும் உறவு உண்டா என்பதே பெரிய வினா. ஓர் எலக்ட்ரானை இழந்த பந்தே செந்நிறத்திற்கு அப்பாலுள்ள இரண்டு பட்டைகளுக்குக் காரணமாகலாம் என 1994இலேயே சிலர் கருதினர். ஆனால் அந்நாளில் ஆய்வகத்தில் அப்பந்தை உறைந்த நியானில் பதித்தே அளந்திருந்தனர். அவ்வுறைவு கோட்டின் இடத்தைச் சிறிது மாற்றிவிடும். ஆதலின் அவ்வளவை உறுதியான சான்றாகக் கொள்ள இயலவில்லை. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஜான் மையர் குழுவினர், தனித்த பந்துகளைச் சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 267 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, 2015இல் மீண்டும் அளந்தனர். இரண்டு பட்டைகளும் அவ்வளவுகளோடு பொருந்தின.

பந்து கண்டறியப்படுவதற்கு இரண்டாண்டுகட்கு முன்னரே, 1983இல், ஹீகர் அம்மையார் மறைந்தார். அவர் முதன்முதலில் கண்ட அவ்விரு பட்டைகளும் இப்பந்திற்கு உரியன அல்ல. அவற்றிற்குரிய மூலக்கூறு எது என்பதை இன்றும் தேடி வருகின்றனர்.