எக்ஸெல்: எண்களுக்கு நிறம் தரும் கலர் ஸ்கேல்

எண்கள் நிறைந்த பெரிய பட்டியலைப் பார்த்தவுடன் எது அதிகம், எது குறைவு என்று தெரியாது. எண்ணின் அளவிற்கேற்ப ஒவ்வொரு செல்லுக்கும் நிறம் கொடுத்துவிட்டால் ஒரே பார்வையில் புரியும். இதனை ஹீட் மேப் என்பார்கள். இதற்கென எக்ஸெல் 2007 முதல் கலர் ஸ்கேல்ஸ் என்ற வசதி உள்ளது.

எங்கள் ஆவடிக்கு ஒரு பக்கம் புழல், மறுபக்கம் செம்பரம்பாக்கம். கோடை வந்தால் ஏரித் தண்ணீர்தான் பேச்சு. எனவே ஏரிக் கணக்கிலேயே பழகுவோம். ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணைய தளத்தில் தினமும் தருகிறது.

முதல் வரிசையில் ஏரிகளின் பெயர்கள். இரண்டாவது வரிசையில் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. மூன்றாவது வரிசையிலிருந்து மாதவாரியாக நீர் இருப்பு.

இப்போது இருப்பு எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், கலர் ஸ்கேல்ஸ் சென்று முதலில் உள்ள பச்சை-மஞ்சள்-சிவப்பைக் கிளிக் செய்திடவும். பட்டியல் அழகாகிவிடும். ஆனால் நம்பிவிடாதீர்கள்! சோழவரம் நிரம்பி நின்றாலும் 1,081தான். செம்பரம்பாக்கம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே 1,215. நிரம்பிய ஏரி சிவப்புப் பக்கம் தள்ளப்படும். இன்னொன்று, தேர்ந்தெடுத்த எண்களில் எது பெரியதோ அதற்கு எக்ஸெல் அடர் பச்சை தந்துவிடும். நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டிருந்த 2019 ஜூன் மாதத்தை மட்டும் கொடுத்தாலும் ஒரு செல் பச்சையாகத்தான் இருக்கும்.

எனவே முதலில் சதவீதமாக மாற்ற வேண்டும். பக்கத்தில் காலியாக உள்ள செல்லில் சமக்குறி இட்டு, பூண்டியின் முதல் மாத இருப்பைக் கிளிக் செய்திடவும். பின் வகுத்தல் கோடு இட்டு, பூண்டியின் கொள்ளளவைக் கிளிக் செய்து, எஃப்4 கீயை இருமுறை அழுத்தி என்டர் தட்டவும். கொள்ளளவு வரிசை மாறாமல் நிற்கவே இந்த எஃப்4. இந்த செல்லை வலப்புறமும் கீழேயும் இழுத்துவிட்டு, பெர்சன்ட் ஸ்டைல் கொடுக்கவும்.

புதிய எண்களைத் தேர்ந்தெடுத்து, கலர் ஸ்கேல்ஸ் பட்டியலின் அடியில் உள்ள மோர் ரூல்ஸ் செல்லவும். கிடைக்கும் விண்டோவில் 2-கலர் ஸ்கேல் தேர்ந்தெடுத்து, மினிமம், மேக்ஸிமம் இரண்டிலும் டைப் என்பதை நம்பர் என மாற்றவும். மதிப்பு முறையே 0, 1 (எக்ஸெல்லுக்கு 100 சதவீதம் என்பது 1). நிறம் வெள்ளை, நீலம். ஓகே கொடுத்தால், இனி அடர் நீலம் என்றால் நிஜமாகவே நிரம்பிய ஏரி.

பச்சை, சிவப்பு ஏன் வேண்டாம்? 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏறக்குறைய நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது, அடையாற்றில் வெள்ளம். அந்த நாளுக்கும் "நல்ல" பச்சைதான் விழும். தவிர, ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. கறுப்பு வெள்ளை பிரிண்டரிலும் நீலம் ஒழுங்காக வரும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் பார்மட், கண்டிஷனல், கலர் ஸ்கேல் செல்லவும்.