தலைநகர் காணச் செல்லும் சங்கத்தார்க்கு



டில்லி மாநகரை ஒருமுறை கண்டுவர வேண்டும் என்னும் ஆவல் நம் சங்கங்கள் பலவற்றில் நெடுநாளாக உண்டு. ஆவல் நன்று. ஆயினும் தறி ஓடாத நாளுக்குக் கூலியில்லை. வயலை விட்டகன்ற நாளுக்கு ஈடில்லை. ஆகவே நாம் மேற்கொள்ளும் பயணம், செலவு செய்த காசுக்கும் இழந்த வேலைக்கும் தக்க பயனைத் தருவதாக இருத்தல் வேண்டும். அதற்குரிய வழிகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கத்தார் இருபத்திரண்டு பேர் டில்லி சென்றோம். ஏற்பாடுகள் என் பொறுப்பு. ஞாயிறு மாலை இறங்கினோம். திங்களன்று நகரைக் கண்டு, மறுநாள் ஆக்ரா செல்வதாகத் திட்டம். செங்கோட்டையின் வாயில் அடைத்திருந்தது. கைவினை அருங்காட்சியகமும் அவ்வாறே. திங்கட்கிழமை அவற்றுக்கு விடுமுறை என்பதை நான் விசாரித்து அறியவில்லை. அங்குள்ள பழந்துணிகளைக் காண்பதற்கென்றே கூலியில் மிச்சம் பிடித்து வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், காணாமலே ஊர் திரும்பினார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் அது இன்றளவும் என் மனக்குறையே.

1. காலம்

டில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடுங்குளிர். மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதிப்பதும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புகைமூட்டம் மிகுதி. நமக்கேற்றது மாசி மாதமே. அப்போது சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். பொங்கல் விற்பனைக்கான நெசவும் முடிந்திருக்கும்.

2. பணம்

பயணச் செலவைக் கணக்கிடுவோர் ரயில் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை மட்டும் எழுதுவர். இழக்கும் கூலியையும் சேர்த்தெழுதுவதே நேர்மையான கணக்கு. ஒருவருக்கு மொத்தம் 9,000 ரூபாய் ஆகுமென்று வைத்துக்கொள்வோம். பத்து மாதங்களுக்கு முன்னரே தொடங்கினால் மாதம் 900 ரூபாய் சேமித்தால் போதும். கடன் வாங்க நேராது.

சங்கத்தின் பொதுப்பணத்தைத் தொட நேர்ந்தால், சட்டவிதிகளுக்கு உட்பட்டு, பொதுக்குழுவின் ஒப்புதல் பெற்றே தொடுதல் வேண்டும். நிர்வாகக் குழுவினர் மட்டும் சங்கச் செலவில் சென்றுவந்தார்கள் என்னும் சொல் எழுமாயின், பல ஆண்டுகள் வளர்த்த நம்பிக்கை ஒரு வாரத்தில் அழிந்துவிடும். உதவித்தொகை வழங்குவதானால், வசதி குறைந்த அங்கத்தினர்க்கே முதலில் வழங்குக.

3. பயணம்

சென்னையிலிருந்து புது டில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விரைவு ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். முன்பு 120 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம் என்றிருந்தது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஒரு படிவத்தில் ஆறு பேருக்கே பதிவு செய்ய இயலும். எனவே பெரிய குழுவினர் ரயில்வே அதிகாரிகளை முன்கூட்டியே அணுகுதல் நலம்.

திங்கள் இரவு சென்னையில் ஏறினால் புதன் காலை டில்லி சேரலாம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாட்களும் கண்டு, வெள்ளி இரவு புறப்பட்டால் ஞாயிறு காலை சென்னை. விடுமுறைத் திங்கள் இவ்வாறு தவிர்க்கப்படுகிறது; தறி நிற்பதும் ஆறு நாட்களோடு முடிகிறது.

4. காணத்தக்கவை

புதன்: காலையில் இளைப்பாறுக. மாலையில் இந்தியா கேட், 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம், குடியரசுத் தலைவர் மாளிகையின் முகப்பு ஆகியவற்றைக் காணலாம். கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றும் அறிவிப்பு 1911-ல் வெளியாயிற்று. புது டில்லி 1931-ல் தொடங்கி வைக்கப்பெற்றது.

வியாழன்: இதுவே நமக்கு முதன்மையான நாள். காலையில் பூசா எனப்படும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். பீகாரிலுள்ள பூசாவில் இருந்த இந்நிலையம், 1934-ம் ஆண்டு நிலநடுக்கத்தால் சேதமுற்று, 1936-ல் டில்லிக்கு மாற்றப்பட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இதன் இயக்குநராக விளங்கினார். 1960-களில் டில்லியை அடுத்த ஜௌந்தி என்னும் சிற்றூரின் விவசாயிகள் புதிய குட்டைரகக் கோதுமை விதையைப் பெருக்கிப் பிற உழவர்க்கு அளித்தனர். ஆராய்ச்சி நிலையத்தின் விதை ஊரார் கூட்டுழைப்பால் பரவியது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். நிலையத்தைப் பார்வையிட முன்னரே கடிதம் எழுதி அனுமதி பெறுக.

பிற்பகலில் பழைய கோட்டைக்கு அருகிலுள்ள கைவினை அருங்காட்சியகம். பட்டோலாச் சேலையில் பாவும் ஊடையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமிடப்படுகின்றன. நெய்யும்போது நிறத்தோடு நிறம் பொருந்தி உருவம் தோன்றுகிறது. ஜம்தானியிலோ உருவத்திற்கெனத் தனி ஊடை கையால் கோக்கப்படுகிறது. மூன்று நாடா கொண்டு கோர்வை நெய்யும் நம்மவர்க்கு, இவற்றின் அருமை சொல்லாமலே விளங்கும். உழவர்களும் உடன் வருக; நெசவாளர்களும் காலையில் பூசாவுக்குச் செல்க. ஒருவர் தொழிலை மற்றவர் அறிவதும் கூட்டுறவே.

வெள்ளி: ஷாஜகான் கட்டிய, 1648-ல் நிறைவெய்திய செங்கோட்டை, பின்னர் ராஜ்காட், அருகே இராட்டைகள் பலவற்றைக் கொண்ட காந்தி அருங்காட்சியகம். மாலையில் பாபா கரக் சிங் சாலையில் பல மாநிலங்களின் விற்பனை நிலையங்களைக் காணலாம். பிற மாநிலத்தார் எத்தகைய துணியை, எவ்விலைக்கு, எவ்வாறு விற்கின்றனர் என்று குறித்துக்கொள்க.

5. திரும்பிய பின்

சென்றவர் ஒவ்வொருவரும் தாம் கண்டவற்றுள் சங்கத்திற்குப் பயன்படும் ஒன்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தல் வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் அன்றே படித்தல் வேண்டும். வர இயலாத அங்கத்தினருக்கு நாம் செலுத்தும் கடன் அது. புறப்படுமுன் எவ்விடத்திற்கு எந்நாள் விடுமுறை என்பதை மறவாது விசாரியுங்கள். மற்றொரு முதியவர் மூடிய வாயிலைக் கண்டு திரும்ப வேண்டாம்.

கூடிச் சிந்திக்க:

1. நம் சங்கத்தில் ஆறு நாட்கள் தறி நின்றால் ஒரு குடும்பம் இழக்கும் கூலி எவ்வளவு?

2. உதவித்தொகை பெறத்தக்கவரைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது?

3. டில்லியில் நாம் விடை தேட வேண்டிய வினா எது?