பழைய சொகுசு கார் வாங்கலாமா? ஸ்டாண்டர்ட் 2000 சொல்லித்தரும் கணக்கு

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல நடக்கிற பேச்சுல பாதி பிளேஸ்மென்ட், மீதி பாதி கார். "முதல் வருஷ சம்பளத்தைச் சேர்த்து வெச்சு, பத்து வருஷம் ஓடின ஜெர்மன் செடான் ஒண்ணு எடுத்துடலாம்டா, புது சின்ன கார் விலைகூட வராது"ன்னு யாராவது ஒருத்தர் போன்ல விளம்பரத்தைக் காட்டிக்கிட்டே இருப்பாங்க. அந்த விலை உண்மைதான். ஏமாத்து வேலை எதுவும் இல்ல. ஆனா அந்த விலை ஏன் அவ்வளவு கீழே இறங்கியிருக்குன்னு பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம், ஃபார்முலா எதுவும் வராது.

காரின் விலை வருஷா வருஷம் இறங்கும். அந்தக் காரோட ஹெட்லைட், ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் இதெல்லாம் விலை இறங்காது. ஐம்பது லட்சம் ரூபாய் காருக்காகச் செய்த பாகம், கார் ஐந்து லட்சத்துக்கு வந்த பிறகும் ஐம்பது லட்சம் ரூபாய் காரோட பாகம்தான். வாங்கும்போது அது ஐந்து லட்சம் ரூபாய் வண்டி, பட்டறைக்குள்ள போனதும் ஐம்பது லட்சம் ரூபாய் வண்டி. இரண்டாவது ஓனர், மூன்றாவது ஓனர் எல்லாம் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான்.

அப்படின்னா எல்லாப் பழைய சொகுசு காரும் இப்படித்தானா? இல்ல. சில வண்டி முப்பது வருஷம் கழிச்சும் ரோட்டுல ஓடுது. சிலது எட்டாவது வருஷமே தார்ப்பாய் போட்டு மூடின நிலைமைக்குப் போயிடுது. வித்தியாசம் என்ஜின் தரத்துல மட்டும் இல்ல. இதைப் புரிஞ்சுக்க நம்ம திருவண்ணாமலையில இருந்து சென்னைக்குள்ள நுழையும்போது வர்ற பெருங்களத்தூருக்குப் போகணும். அதுவும் 1985-க்கு.

பெருங்களத்தூரில் ஒரு ரோவர்

வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு கார் கம்பெனி இருந்தது. வேங்கார்ட், ஹெரால்ட், கெஸல் எல்லாம் அங்கே செஞ்ச வண்டிகள்தான். உங்க தாத்தாவைக் கேட்டா ஹெரால்டு பற்றி அரை மணி நேரம் பேசுவாரு. 1985-ல அந்தக் கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசு காரை வெளியிட்டது. அதோட உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1976-ல் வந்து, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கின டிசைன். சரியாச் சொல்லணும்னா அது செடானே இல்ல, பின்கதவு கண்ணாடியோட சேர்ந்து மேலே தூக்கும் ஹேட்ச்பேக். ஆனா அந்தக் காலத்துல நம்ம ஊர்ல பெரிய காருன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.

உடம்பு புதுசு. என்ஜின்? இங்கிலாந்துல அந்தக் காருக்கு 3.5 லிட்டர், 155 குதிரைத்திறன் வி8 என்ஜின் இருந்தது. இங்கே வெச்சது பழைய வேங்கார்ட் வழியில் வந்த 1991 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜின். அதோட வேர் 1940-களில் இருக்கு. குதிரைத்திறன் ஏறக்குறைய பாதி. மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டுட்டு, காலுக்குத் தாத்தாவோட செருப்பைக் கொடுத்த மாதிரி. விலை அதிகம், வேகம் இல்ல. 1988-லேயே உற்பத்தி நின்னுடுச்சு. கம்பெனியும் அதோட கார் செய்யறதை விட்டுடுச்சு.

இப்போ 1988-ல் ஒரு ஸ்டாண்டர்ட் 2000 வெச்சிருக்கிற ஆளா உங்களைக் கற்பனை பண்ணிப் பாருங்க. வண்டிக்கு மூணு வயசுகூட ஆகல. கதவு, கண்ணாடி, டாஷ்போர்டு எல்லாம் இந்தியாவுல வேற எந்த வண்டியிலும் இல்லாத பாகங்கள். இன்னொரு வேடிக்கை, மிச்சம் கிடந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரிகள் வாங்கி அங்கேயே கொண்டு போயிட்டாங்க. அங்கே எஸ்டி1 வெச்சிருந்தவங்களுக்கு நம்ம பெருங்களத்தூர் சரக்கு உதவியா இருந்தது. இங்கே வெச்சிருந்தவங்க கதையை நீங்களே யோசிச்சுக்கலாம்.

அதே காலகட்டத்துல, 1984-ல், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெசாவை விட்டது. இதுவும் இங்கிலாந்தில் காலம் முடிஞ்ச டிசைன்தான், வாக்ஸ்ஹால் விக்டர். இதுக்கும் முதலில் வெச்சது அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். அவ்வளவு பெரிய உடம்பை ஏறக்குறைய 50 குதிரைத்திறன்ல இழுக்கிறதுன்னா பாவம்தான். ஆனா சில வருஷத்துல ஜப்பானின் இசுசூ 1817 சிசி என்ஜின் வந்தது, அதே குடும்பத்து என்ஜின் அப்புறம் அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட்-லும் வந்தது. விஷயம் இங்கேதான் இருக்கு. அம்பாசிடர் யாரு? டாக்சி, கலெக்டர் ஆபீஸ் வண்டி, கல்யாண வண்டி. ஊருக்கு ஊரு மெக்கானிக், பெட்டிக்கடை அளவுக்கு ஸ்பேர் கடை. கான்டெசா 2002-ல் நின்ன பிறகும் அம்பாசிடர் 2014 வரை வந்தது. சொகுசு காரைக் காப்பாத்தினது டாக்சிதான்.

அதுக்காக கான்டெசா வெச்சிருக்கிறவங்களுக்குக் கவலையே இல்லைன்னு அர்த்தம் இல்ல. என்ஜின் வேலைக்கு ஆள் கிடைப்பாங்க, ஆனா கண்ணாடி ரப்பர், லைட் செட், உள் பக்க பிளாஸ்டிக் இதையெல்லாம் வேட்டைதான் ஆடணும்.

அதனால பழைய காரைப் பார்க்கும்போது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்ற கேள்விக்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற ஒண்ணு: "இந்தப் பாகம் வேற எந்த வண்டியில இருக்கு?" ஸ்கோடா லாராவும் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டாவும் ஒரே பிளாட்ஃபார்ம். ஒண்ணுக்குப் பாகம் தேடும்போது இரண்டு வண்டியோட சந்தையும் திறக்கும். ஹோண்டா அக்கார்டு 2.4 என்ஜினோட சொந்தக்காரன் அதே காலத்து சிஆர்-வி-யில் இருக்கான். கார் கம்பெனி டப்பாவுல வர்ற ஃபில்டரையும் பேரிங்கையும் பெரும்பாலும் வேற கம்பெனிதான் செஞ்சு கொடுக்குது: மாலே, பாஷ், டென்சோ, எஸ்கேஎஃப் மாதிரி. பாகத்தோட மேல இருக்கிற நம்பரை எழுதிக்கிட்டுத் தேடினா, அதே பொருள் செஞ்சவன் பெயரிலேயே குறைஞ்ச விலைக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கு. இந்த நம்பர் தேடுற வேலையை ரசிச்சுச் செய்ய முடியாதவங்க பழைய சொகுசு கார் பக்கம் போகாம இருக்கிறது நல்லது என்பது என் கருத்து.

பௌர்ணமி அன்னைக்கு ரேடியேட்டர்

சரி, வாங்கிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். முதல்ல கை வைக்க வேண்டியது கூலிங் சிஸ்டம். இதுக்கு நம்ம ஊரை விட நல்ல லேப் கிடையாது. பௌர்ணமி கிரிவலம் அன்னைக்கு வேங்கிக்கால் வேலூர் ரோட்டுல வண்டி எல்லாம் ஊர்ந்து போகும். நாலு வழிச் சாலையில எண்பதுல போகும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்கும், விசிறிக்கு வேலை குறைவு. நின்னு நின்னு போகும்போது காத்து இல்ல, முழு வேலையும் விசிறி தலையில. ஏசி வேற ஓடுது. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கு, அதாவது ரேடியேட்டருக்குக் கிடைக்கிறதே ஏற்கெனவே சூடான காத்து. பெட்ரோலில் இருக்கிற சக்தியில மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்கு, ஒரு பங்கு புகையில, ஒரு பங்கு கூலண்ட் தண்ணியில போகும்னு தோராயமாச் சொல்லுவாங்க. அந்த மூணாவது பங்கு வெளியே போக வழி இல்லைன்னா என்ன ஆகும்?

ரேடியேட்டர் மூடியில் இருந்து ஆரம்பிப்போம். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்துல 108 டிகிரி பக்கம் கொதிக்கும். மூடி உள்ளே 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சா கொதிநிலை 130-ஐ நெருங்கும். பிரஷர் குக்கர் தத்துவம்தான். மூடியோட ரப்பர் வாஷர் காய்ஞ்சு வெடிச்சிருந்தா அந்த இருபது டிகிரி பாதுகாப்பு போச்சு. சில நூறு ரூபாய் மூடிக்காக அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் போய், பில் வேற லெவலுக்குப் போகும். சூடா இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். திறந்த உடனே அழுத்தம் இறங்கும், உள்ளே இருக்கிறது அப்படியே ஆவியாகி முகத்துக்கு வரும்.

அடுத்தது தண்ணி. "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, போர் தண்ணி ஊத்திக்கோ"ன்னு சொல்ற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு. உப்புத் தண்ணி சூடானா பாத்திரத்துல வெள்ளையா படியும் இல்லையா, அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளேயும் வரும். அந்தக் கால்சியம் படிவு வெப்பத்தைக் கடத்தும் அளவு, அலுமினியத்தோட ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். வெளியே இருந்து பார்த்தா ரேடியேட்டர் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே குழாய் போர்வை போத்திக்கிட்டு இருக்கும். அதுக்கு மேல, கூலண்ட்ல இருக்கிற துரு தடுக்கும் ரசாயனமும் நீர்த்துப் போகும். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒண்ணு டிக்கியில கிடக்கட்டும்.

பழைய வண்டியில பித்தளை, செம்பு ரேடியேட்டர். ஓட்டை விழுந்தா ரேடியேட்டர் பட்டறையில பற்றவெச்சுக் கொடுத்துடுவாங்க. 1990-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டியில அலுமினியம், இரண்டு பக்கமும் கண்ணாடி இழை சேர்த்த நைலான் தொட்டி. சூடான கிளைக்கால்ல பத்து வருஷம் ஊறின நைலான் முறுக்கு மாதிரி உடையும். பற்ற வைக்க முடியாது, மாற்றத்தான் வேணும். எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு இரண்டும் இதே கேஸ். உடையற வரைக்கும் காத்திருக்காம, வண்டி வாங்கின மாசமே ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி, டேங்க் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுறது பழைய வண்டிக்காரங்க வழக்கம். லேபர் ஒரு தடவைதான் போகும்.

இன்னொண்ணு, டாஷ்போர்டு முள்ளை முழுசா நம்பாதீங்க. புது தலைமுறை வண்டி பலதுலயும் கூலண்ட் வெப்பம் ஒரு பெரிய எல்லைக்குள்ள எங்கே இருந்தாலும் முள் நடுவுலயே நிக்கிற மாதிரி புரோகிராம் பண்ணியிருப்பாங்க. முள் மேலே ஏறும்போது காரியம் கெட்டுப் போயிருக்கும். ஓபிடி போர்ட்ல செருகுற சின்ன புளூடூத் கருவி போனிலேயே உண்மையான டிகிரியைக் காட்டும்.

நிறுத்தி வெச்ச வண்டி

மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுக்கிற வண்டிக்கு இன்னொரு வியாதி, பேட்டரி இறங்குறது. சாவியை எடுத்த பிறகும் அலாரம், கன்ட்ரோல் யூனிட்டுகளுக்குக் கொஞ்சம் கரண்ட் போகும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 60 ஆம்பியர் அவர் பேட்டரி அந்த அளவுக்கு 1200 மணி நேரம், அதாவது ஐம்பது நாள் தாங்கும். பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆகிறது கஷ்டம் என்பதால் இருபத்தைந்து நாள்னு வெச்சுக்கோங்க. ஏதோ ஒரு ரிலே ஒட்டிக்கிட்டு 500 மில்லி ஆம்பியர் இழுத்தா? இரண்டரை நாள். நம்ம லேப்ல இருக்கிற அதே மல்டிமீட்டரை நெகட்டிவ் கேபிளோட தொடர்ல சேர்த்து, எல்லா யூனிட்டும் தூங்கிப் போக அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு ஃபியூஸா கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டும்போது கரண்ட் விழுதோ அந்தப் பக்கம்தான் திருடன். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில செருகணும், இடையில ஸ்டார்ட் பண்ணிடக் கூடாது.

பிரேக் ஆயில் காத்துல இருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதுசா இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினதுக்கான தர எல்லை 155 டிகிரி. ஜவ்வாது மலை மாதிரி இறக்கத்துல பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டே வந்தா அந்த வித்தியாசம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. டயர் பூ நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் செஞ்சது.

பெட்ரோல் வண்டின்னா இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20. இருபது சதவீதம் எத்தனால் கலந்ததால லிட்டருக்குச் சக்தி, கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறு ஏழு சதவீதம் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டியில ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கொஞ்சம் சரிபண்ணிக்கும். கான்டெசா மாதிரி கார்புரேட்டர் வண்டிக்கு அந்த மூளை இல்ல, கலவை மெலிஞ்சுபோகும், ஜெட் பார்க்கணும். பழைய ரப்பர் ஃபியூல் ஹோஸ் எத்தனாலில் ஊதி விரிசல் விடும். என்ஜின் பக்கத்துல பெட்ரோல் கசிவு என்பது மைலேஜ் பிரச்சினை இல்ல, தீ பிரச்சினை.

காகிதம்

கடைசியா, டிஎன் 25 ஆபீஸ் வேலை. தனியார் காரின் ஆர்சி 15 வருஷம், அதுக்கப்புறம் ஐந்து ஐந்து வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் இதுக்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய், முன்னாடி 600 ரூபாயா இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷத்தைத் தாண்டின காருக்கு 10,000 ஆக்கினாங்க. இறக்குமதி செய்த கார் என்றால் 15 வருஷத்துக்கு மேல 40,000, 20 வருஷத்துக்கு மேல 80,000. பழைய இறக்குமதி பென்ஸ் மேல ஆசை இருக்கிறவங்க இந்தத் தொகையைத் தனியா எடுத்து வைக்கணும்.

டெல்லியில 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு நெருக்கடி இருக்கிறதால அங்கே இருந்து மலிவா வர்ற வண்டிகள் நிறைய. பாண்டிச்சேரி நம்பர் வண்டிகளும் நம்ம பக்கம் சகஜம். எதுவா இருந்தாலும் அந்த ஊர் என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டையும் சேர்த்த பிறகுதான் அது மலிவா இல்லையான்னு தெரியும். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ஓசி கையில இருக்கான்னு பாருங்க, "அடுத்த வாரம் வந்துடும்" என்ற பதிலுக்கு நீங்களும் அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடலாம்.

இன்சூரன்ஸ்லயும் ஒரு கணக்கு இருக்கு. பழைய வண்டியோட ஐடிவி குறைவு. ரிப்பேர் செலவு ஐடிவி-யில 75 சதவீதத்தைத் தாண்டினா வண்டி முழு நஷ்டம்னு கணக்கு எழுதிடுவாங்க. சொகுசு காரோட ஒரு ஹெட்லைட், ஒரு பம்பர், ஒரு ஏர்பேக் சேர்ந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிடும், என்ஜின்ல ஒரு கீறல்கூட விழாம. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவாங்க. அதனால பாலிசி போடும்போது ஐடிவி-யைப் பேசி எழுத வைங்க, பிரீமியம் நூறு இருநூறு குறையுதேன்னு கீழே இறக்க விடாதீங்க.