தியானமும் நனவிலி மனமும்: முக்கியக் குறிப்புகள்

உளவியல், அறிவியல், இந்தியப் பண்பாடு என மூன்று பக்கமிருந்தும் கேள்வி வரக்கூடிய பகுதி இது. ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் உருப்போட்டால் ஒரு மதிப்பெண் வினாவுக்கு உதவும். கூற்று–காரணம் வினாவில் கைவிட்டுவிடும்.

அடிப்படை

• சிக்மண்ட் ஃபிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில் வெளிவந்தது. நூலில் அச்சிடப்பட்ட ஆண்டு 1900. தேர்வுக்கு 1900 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

• இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம்: 1922, கல்கத்தா. நிறுவியவர் கிரீந்திரசேகர் போஸ். ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்.

• ஃபிராய்டு சொன்ன நனவிலி என்பது அடக்கப்பட்ட ஆசைகள், அச்சங்களின் இருப்பிடம். இன்றைய ஆய்வகங்கள் சொல்லும் நனவிலி, நம் கவனத்துக்கு எட்டாமலே மூளை செய்துமுடிக்கும் வேலை. தியான ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி. வழிகாட்டி நூல்கள் பலவும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றன.

இந்திய மரபு

• பதஞ்சலியின் எட்டு அங்கங்கள்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. தியானம் 7ஆவது. தாரணையையும் தியானத்தையும் இடம் மாற்றிக் கேட்பது வழக்கம்.

• சம்ஸ்காரம்: முன் அனுபவங்கள் சித்தத்தில் பதித்துச் செல்லும் தடம். நனவிலிக் கருத்துக்கு அருகில் வருவது. ஆனால் ஃபிராய்டின் கருத்தும் இதுவும் ஒன்றல்ல.

• ஆலய விஞ்ஞானம்: பௌத்த யோகாசாரப் பிரிவின் 8ஆவது விஞ்ஞானம்; வினைப்பதிவுகளின் களஞ்சியம். தொடர்புடையவர்கள் அசங்கர், வசுபந்து.

• திருமூலரின் திருமந்திரம் 10ஆம் திருமுறை. அட்டாங்க யோகம் அதன் 3ஆம் தந்திரத்தில் வருகிறது.

லிபெட் சோதனை (இங்கே நின்று படியுங்கள்)

• 1965: ஜெர்மனியின் கோர்ன்ஹூபர், டீக்கே இருவரும், நாமாக விரும்பிச் செய்யும் அசைவுக்கு முன்பே மூளையில் மெல்ல எழும் மின்மாற்றத்தைப் பதிவுசெய்தனர். இதுவே ஆயத்த மின்னழுத்தம்.

• 1983: அமெரிக்காவின் பெஞ்சமின் லிபெட். பங்கேற்பவரின் தலையில் மின்முனைகள். எதிரே திரையில் ஓர் ஒளிப்புள்ளி கடிகார முள்போல 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வரும். பங்கேற்பவர் தமக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கலாம். அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். முடிவு: ஆயத்த மின்னழுத்தம் அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே தொடங்கியது, எண்ணம் எழுந்ததாகச் சொன்னதோ சுமார் 200 மில்லி விநாடி முன்புதான்.

• லிபெட் இதை வைத்து மனித விருப்பமே பொய் என்று சொல்லிவிடவில்லை. எழுந்த தூண்டலைக் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நனவுக்கு உண்டு என்றார். இதை விட்டுவிட்டு எழுதுபவர்களே அதிகம்.

• எதிர்வாதம்: 2012இல் ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்ந்தவர்களும், மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் தற்செயலாகக் குவிந்து ஓர் எல்லையைத் தொடுவதே அந்த மின்மாற்றமாகத் தெரிகிறது என்று விளக்கினர். எனவே ‘மூளை முன்பே முடிவெடுத்துவிட்டது’ என்பதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதாதீர்கள்.

தியானம் எங்கே நுழைகிறது?

• 2016: பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லஷ் குழுவினரின் ஆய்வு, லிபெட் முறையில். தியானப் பழக்கம் உள்ளவர்கள் விரல் அசைவுக்குச் சராசரியாக 149 மில்லி விநாடி முன்பே எண்ணத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள், மற்றவர்கள் 68. எளிதில் மனோவசியத்துக்கு ஆட்படுபவர்களோ விரல் அசைந்த பிறகே உணர்ந்ததாகச் சொன்னார்கள்! தன் மனத்தில் நடப்பதைத் தானே கவனிக்கும் திறனில் இவ்விரு வகையினரும் எதிர்முனைகள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

• வரம்பு: ஏற்கெனவே தியானம் செய்துவந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு இது. தியானம்தான் காரணமா, இயல்பிலேயே கூர்ந்து கவனிப்பவர்கள் தியானத்துக்கு வந்தார்களா என்பதை இதைக் கொண்டு சொல்ல முடியாது.

• மனம் வேலையின்றி அலையும்போது இயங்கும் மூளைப் பகுதிகளின் வலைப்பின்னலை 2001இல் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மார்கஸ் ரெய்க்கிள். நீண்ட அனுபவமுள்ள தியானிகளிடம் இதன் முக்கிய மையங்களின் இயக்கம் குறைவாக இருப்பதை ஜட்சன் புரூவர் குழு 2011இல் வெளியிட்டது.

சில்லறைத் தகவல்கள்

• மனநிறைகவனம் வழி மன அழுத்தக் குறைப்பு: ஜான் கபாட்-சின், 1979, மாசசூசெட்ஸ், 8 வாரப் பயிற்சி.

• விபாசனா: எஸ்.என். கோயங்கா, மகாராஷ்டிரத்தின் இகத்புரி, 10 நாள் பயிற்சி.

• உலகத் தியான நாள் டிசம்பர் 21 (ஐ.நா. தீர்மானம் 2024). யோகா நாள் ஜூன் 21. மாதத்தில்தான் பலரும் சறுக்குவார்கள்.

மாதிரி வினா

கூற்று: 2016 ஆய்வில் தியானம் செய்வோர் தம் எண்ணத்தை மற்றவர்களைவிட முன்னதாக உணர்ந்ததாகக் கூறினர்.
காரணம்: தியானம் நனவிலி மனத்தின் செயல்பாட்டை நிறுத்திவிடுகிறது.

விடை: கூற்று சரி, காரணம் தவறு.