சேய்மைக் கல்வியும் கற்போர் மனநிலையும்

கற்பிப்போர் ஓரிடத்திலும் கற்போர் வேறோரிடத்திலும் இருக்க, இடையே ஒரு கருவி நின்று பாடத்தைக் கொண்டு சேர்ப்பதை இந்நாளில் இணையவழிக் கல்வி என வழங்குகின்றனர். பெயர் புதிது, பொருள் அத்துணைப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே தன் பட்டத் தேர்வுகளைத் தன் கல்லூரிகளில் பயிலாதவர்க்கும் திறந்துவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றுமுன் பட்டம் பெற விழைந்த நம் முன்னோர் பலர் அவ்வாயில் வழியாகவே சென்றனர். பேராசிரியர் முகத்தைக் காணாது, கப்பலில் வரும் நூலையும் தபாலையும் நம்பிக் கற்றவர் அவர்.

இவ்வகையில் எம் பகுதிக்குரிய சிறந்த சான்று, கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் ஆவர். சுவாமி விபுலாநந்தர் எனப் பின்னர் உலகறிந்தவர் இவரே. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி கற்ற இவர், 1908இல் கேம்பிரிட்ஜ் சிரேட்ட தேர்விலும், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். அதே 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியையும் ஏற்றார். பட்டத்திற்குக் கற்ற காலத்தில் அவர் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அவர் பெயரைக் கூறி இன்றைய மாணாக்கரை நாணச் செய்வது எம் கருத்தன்று. பரிசளிப்பு மேடைதோறும் அது போதிய அளவு நடைபெறுகின்றது. யாம் நோக்குவது வேறொன்று. இலண்டன் தேர்வுக்குத் தனியே அமர்ந்து கற்கத் துணிந்தபோது அவர் கையில் முன்னரே பெற்ற வெற்றிகள் சில இருந்தன. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஊன்றுகோலாயிற்று. அத்தகைய படி ஒன்றேனும் ஏறாத பிள்ளையைத் திடீரெனத் தனியே விட்டால் நேர்வது யாது? அதனை 2020ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டோம்.

அவ்வாண்டு மார்ச்சு 13ஆம் நாள் தொடக்கம் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சு தொலைக்காட்சிப் பாடங்களையும் இ-தக்சலாவ இணையத்தளத்தையும் முன்வைத்தது. எம்மிற் சிலர் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைச் சேர்ந்த பதினோராந்தரப் பிள்ளைகள் முப்பத்தொருவருக்குக் கைத்தொலைபேசி வாயிலாகக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினோம்.

கருவி கிடைத்தாற் போதும், ஏனையவை தாமே வரும் என முதலில் எண்ணினோம். கருவிக் குறை மெய்யே. இலங்கையில் அக்காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. எம் பகுதியில் வாப்பாவின் தொலைபேசியே வகுப்பறை; அவர் கடலுக்கோ கடைக்கோ சென்றால் வகுப்பறையும் அவருடன் சென்றுவிடும். மருதமுனைப் பிள்ளை ஒருவன் ஒலிவாங்கியைத் திறக்குந்தோறும் வீட்டுத் தறியின் ஓசை எம் செவியை நிறைத்தது. ஆயினும் எமக்கு விளங்காதிருந்தது பிறிதொன்று. நல்ல தொலைபேசியும் தனியறையும் உடையோர் சிலர் இரண்டாம் மாதத்தில் மறைந்தனர். உடைந்த திரையுடைய தொலைபேசியை அக்கம்பக்கத்தில் இரவல் பெற்றோர் சிலர் இறுதிவரை நின்றனர்.

இதற்கு விடை தேடியபோது, கனடாவிற் பிறந்த உளவியலறிஞர் அல்பேட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கருத்து எமக்கு உதவிற்று. இன்ன செயலை என்னாற் செய்ய இயலும் என ஒருவன் கொள்ளும் துணிவே அவன் முயல்வானா, இடர் வந்தால் நிற்பானா என்பவற்றைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்றார் அவர். அத்துணிவு நான்கு ஊற்றுகளிலிருந்து வருவதாகவும் கூறினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னையொத்தவர் செய்யக் காண்டல், பிறர் கூறும் ஊக்கமொழி, தன் உடலும் உள்ளமும் அவ்வேளையில் இருக்கும் நிலை.

இவற்றுள் இரண்டாவதையே திரை எமக்குத் தெரியாமற் பறித்துக்கொண்டது. வகுப்பறையில் ஒரு மாணவன் பக்கத்து வாங்கில் இருப்பவனும் பேனையைக் கடித்துக்கொண்டு விழிப்பதைக் காண்கின்றான். அவன் அழித்தழித்து எழுதி ஈற்றில் விடை காண்பதையும் காண்கின்றான். ‘இவனால் இயலுமாயின் எனக்கும் இயலும்’ என்னும் எண்ணம் அங்கே பிறக்கின்றது. திரையிலோ முப்பது கருங்கட்டங்களும் முப்பது பெயர்களும் மட்டுமே. விடை கூறுவோர் இருவர் மூவரே, ஏனையோர் மௌனம். அம்மௌனத்தை ஒவ்வொருவனும் பிறர் அறிவுக்குச் சான்றாகக் கொள்கின்றான். முப்பதின்மரில் இருபத்தைவர்க்கு விளங்கவில்லை. அவ்விருபத்தைவரும் தமக்கு மட்டுமே விளங்கவில்லை எனக் கருதினர்.

இங்கு எம் பிழையொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். முகம் காணாது கற்பிப்பது சுவரோடு பேசுவதை ஒத்திருந்தமையால், யாவரும் காமராவைத் திறத்தல் வேண்டுமெனப் பணித்தோம். ஒரு மாணவன் திறக்கவில்லை. பலர் கேட்க அவனைக் கடிந்தோம். மறுநாள் அவன் வரவில்லை. பத்து நாட்களின் பின்னரே செய்தி தெரிந்தது. ஒற்றை அறையில் உம்மாவும் ராத்தாமார் இருவரும் உடனிருக்க, அவர்கள் முகம் அந்நியர் திரையில் விழாதிருக்கவே அவன் அதனை மூடி வைத்திருந்தான். அதனைச் சபையிற் கூற அவனுக்கு நா எழவில்லை. யாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்று முதல் முறையையும் மாற்றினோம். நாளொன்றுக்கு மூன்று கணக்கு. இரண்டு அவரவர் தகுதிக்கு எளியவை, ஒன்று சற்று முயன்றால் இயல்வது. மஃரிபுக்கு முன் தாளைப் படம்பிடித்து அனுப்புதல் வேண்டும். இரவில் ஒவ்வொருவர்க்கும் பெயர் சொல்லி, எந்த வரியில் எது சரி, எது பிழை எனக் குரற்பதிவு அனுப்பினோம். இது பெருஞ்சிரமம், ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடமாயினும் முப்பதுக்கு ஒரு மணி நேரம். ‘நன்று, முயற்சி செய்’ எனப் பொதுவாகக் கூறிய காலத்தில் விளையாத பயன், ‘மூன்றாம் வரியில் நீ குறியை மாற்றியது மிகச் சரி’ என்றபோது விளைந்தது.

மாணாக்கர் செய்த தவறான வழிகளையும் பெயர் நீக்கிக் குழுவிற் காட்டினோம். ‘இதே பிழையை எழுவர் விட்டிருக்கின்றனர்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், அதுவரை வாய் திறவாதவர் சிலர் “சேர், எனக்கும் விளங்கல்ல” எனப் பேசத் தொடங்கினர்.

ஊக்கத்தைப் பரிசால் வாங்க முயன்ற கதையும் உண்டு. தவறாது வருவோர்க்குக் கிழமைதோறும் ரீலோட் அட்டை தருவதாக அறிவித்தோம். பெயர்கள் நிறைந்தன, தாள்கள் நிறையவில்லை. தொலைபேசியை இணைத்து வைத்துவிட்டு உறங்கியோரும் இருந்தனர். அட்டையை நிறுத்தியதும் முன்னர் வந்தோரிற் சிலரும் நின்றனர். எட்வர்ட் டெசி என்பார் 1971இல் வெளியிட்ட பரிசோதனையை முன்னரே நினைவுகூர்ந்திருப்போமாயின் இச்செலவு எமக்கு மிஞ்சியிருக்கும். புதிர்க்கட்டைகளைப் பொருத்துவதற்குக் காசு பெற்ற மாணவர், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடுவது குறைந்தது என அவர் கண்டார். சொல்லாற் பாராட்டுப் பெற்றவரிடத்து அக்குறைவு காணப்படவில்லை. டேட்டா இல்லாத பிள்ளைக்கு டேட்டா கொடுப்பது வேறு. வருகைக்குக் கூலி கொடுப்பது வேறு. இரண்டையும் யாம் குழப்பிக்கொண்டோம்.

இனி, மனநலம். 2020 ஏப்பிரல் இறுதியில் நோன்பு மாதம் தொடங்கியது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. பிற்பகல் வகுப்பை விடுத்து, சஹர் முடிந்த வேளையில் அரைமணி நேரப் பாடம் நடத்தியது நன்கு பயன்பட்டது. ஆயின் எல்லாம் நேரமாற்றத்தால் தீர்வன அல்ல. தொற்றால் இறந்தோர் உடலைத் தகனஞ் செய்தல் கட்டாயம் என அவ்வாண்டு ஏப்பிரலில் விதிக்கப்பட்டது. 2021 பெப்புருவரி இறுதியிலேதான் அடக்கத்திற்கு அனுமதி வந்தது. இடைப்பட்ட மாதங்களில், ஆண்டிறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையிலிருந்து தொற்று எம் கரையோரமெங்கும் பரவியபோது, வீட்டிலுள்ள வாப்பும்மாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் கேத்திரகணிதம் கற்றனர். அந்நாட்களில் ஒருவன் இலகுவான கூட்டலையும் பிழைவிட்டால் அது கவனக்குறைவு எனக் கூற எமக்கு மனம் வரவில்லை. பாடத்தை நிறுத்திப் பதினைந்து நிமிடம் பேசவிட்ட மாலைகள் வீணாகவில்லை என்றே இன்றும் கருதுகின்றோம்.

ஆசிரியர் மனநிலையைப் பற்றி எழுதுவோர் குறைவு. 2021 யூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அவ்விலகல் ஒக்டோபர் வரை நீடித்தது. சொந்தக் காசில் டேட்டா வாங்கிக் கற்பித்தவரின் களைப்பை அறிந்தோர்க்கு அதில் வியப்பில்லை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை சென்றது. எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட, மீண்டும் திரை.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்விக் களங்களில் கற்கும் எம் பழைய மாணவர் சிலர், விரிவுரைகள் பதிவாகிக் கிடந்தமையே தமக்குப் பகையாயிற்று என்பர். எப்போதும் பார்க்கலாம் என்பது எப்போதும் பாராமையாயிற்றாம். அது தனியே ஆராயத்தக்கது.

எம் குழுவை விட்டு நீங்கியோருள் ஒரு மாணவியைப் பற்றிக் கூறி முடிக்கின்றோம். 2020 ஓகத்தில் அவள் பெயர் மறைந்தது. அவளுக்கு நாட்டமில்லை போலும் என யாம் முடிவு கட்டினோம். மூன்று கிழமை எவரும் விசாரிக்கவில்லை. உண்மையில் ஒக்டோபரில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றவிருந்த தம்பிக்கு வீட்டிலிருந்த ஒரே தொலைபேசியை அவள் விட்டுக்கொடுத்திருந்தாள். பின்னர் தொலைபேசி கிடைத்தபோது பாடம் வெகுதூரம் சென்றுவிட்டதெனக் கருதி வாளாவிருந்தாள். எம்மில் ஒருவர் ஈற்றில் வீட்டு வாசலுக்குச் சென்று கேட்டபோது அவள் கூறியது இதுவே: “சேர், நீங்க என்னத் தேடுவீங்க எண்டு நான் நினைக்கல்ல.”

2021 மார்ச்சில் நடைபெற்ற சாதாரண தரப் பரீட்சையில் அவள் கணிதத்தில் தேறவில்லை. காமராவைத் திறவாத மாணவன் சாதாரண சித்தி பெற்றான். அவள் 2022 மேயில் மீண்டும் தோற்றினாள். அவ்வாண்டு மின்சாரம் இல்லாத நாட்களில் கணக்குத் தாளைத் தம்பி கையில் எம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். திருத்திய தாளை அவன் சைக்கிளில் கொண்டு செல்வான்.